வண்டியிலேயே ஏர் கம்ப்ரசர் பொருத்துவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

மணலிலோ கற்பாதையிலோ இறங்குவதற்கு முன்னால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதைப் புதிதாக வருபவர்கள் முதல் பயணத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சாலையில் 35 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும் டயரை 18, 20க்கு இறக்கினால் அது தரையில் நீளமாகப் படிகிறது, கல்லின் மேல் துள்ளாமல் வளைந்து கொடுக்கிறது. மணலுக்கு 15 வரை போகலாம். சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும் அபாயம் உண்டு. இறக்குவதெல்லாம் சுலபம்தான், வால்வு ஊசியை ஒரு குச்சியால் அழுத்தினால் போதும். திரும்ப ஏற்றுவதுதான் பாடு. 18 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து, சூடேறி, கடைசியில் பிய்ந்துபோகும். ஆகவே காற்று நிரப்பாமல் வீடு திரும்ப முடியாது.

நான் முதலில் வைத்திருந்தது லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னக் கம்ப்ரசர். இரண்டு டயரை நிரப்பியது. மூன்றாவதில் சூடேறி நின்றது. ஆறவிட்டு மறுபடி போட்டேன், நான்காவது டயர் பாதியில் இருக்கும்போது ஒரேயடியாகப் போய்விட்டது. கம்ப்ரசருக்கு எதிரி சூடுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எந்தக் கம்ப்ரசர் வாங்குவது, எங்கே மாட்டுவது, என்ன தடிமனில் ஒயர் இழுப்பது, எந்த ஹோஸ் போடுவது என்று கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான விஷயங்கள் ஏதோ ஒரு வகையில் அந்தச் சூட்டைச் சமாளிப்பதைப் பற்றியவைதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 33 அங்குல (டயரின் வெளிவிட்டம்) டயர் ஒன்றுக்குள் சுமார் 85 லிட்டர் இடம் இருக்கும். 18லிருந்து 36 பிஎஸ்ஐக்கு ஏற்ற வேண்டுமென்றால் கூட்ட வேண்டியது 18 பிஎஸ்ஐ. வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, ஆகவே 18ஐ 14.7ஆல் வகுத்து 85ஆல் பெருக்குங்கள். 104 லிட்டர் வருகிறது. வெளியில் இருக்கும் சாதாரணக் காற்றில் அவ்வளவு லிட்டரை கம்ப்ரசர் உறிஞ்சி ஒரு டயருக்குள் திணிக்க வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்தால் 400 லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.

நிமிடத்துக்கு 25 லிட்டர் தரும் சின்னக் கம்ப்ரசருக்கு இது 17 நிமிடத் தொடர் ஓட்டம், அதுவும் நடுவில் நிற்காமல் ஓடினால். 60 லிட்டர் தருவது 7 நிமிடத்தில் முடித்துவிடும். 130 லிட்டர் தருவதற்கு மூன்று நிமிடம் கொஞ்சம் கூட. ஒரு டயரிலிருந்து அடுத்ததற்கு ஹோஸை மாற்றும் நேரம் தனி.

இந்தக் கணக்கைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை வைத்துப் போடாதீர்கள். பெட்டியில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருப்பது எதிர் அழுத்தமே இல்லாமல், அதாவது ஹோஸ் முனை திறந்து கிடக்கும்போது, எவ்வளவு காற்று வருகிறது என்பது. டயருக்குள் ஏற்கெனவே 25, 30 பிஎஸ்ஐ இருக்கும்போது அந்த அளவு கணிசமாகக் குறையும். கையேட்டில் அழுத்தத்துக்கு அழுத்தம் காற்றளவைக் காட்டும் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள், 30 பிஎஸ்ஐக்கு எதிரே இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் அட்டவணையையே தராத கம்ப்ரசரை நான் வாங்கமாட்டேன். சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி, என்று போட்டிருந்தால் 28.3ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், ஏஆர்பி நிறுவனத்தின் ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் 29 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டரும், இரட்டை வகை ஏறக்குறைய 130 லிட்டரும் தருகின்றன.

அதிகபட்ச அழுத்தம் 150 பிஎஸ்ஐ, 200 பிஎஸ்ஐ என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். டயருக்கு 40க்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். காற்றால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக் (ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைப்பது) போடும் எண்ணம் இருந்தால்தான் 100ஐ ஒட்டிய அழுத்தம் தேவைப்படும்.

எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும்?

புதியவர்கள் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. ஆனால் கம்ப்ரசரின் ஆயுளைத் தீர்மானிப்பதே இதுதான். ஆங்கிலத்தில் டியூட்டி சைக்கிள் என்பார்கள், சதவீதத்தில் எழுதியிருப்பார்கள். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். 100 சதவீதம் என்றால் நிற்காமல் ஓடலாம். ஆனால் எந்த அழுத்தத்தில், எவ்வளவு வெப்பமான சூழலில், அதிகபட்சம் எத்தனை நிமிடம் என்பதும் கூடவே எழுதியிருக்க வேண்டும். 30 பிஎஸ்ஐயில் அளந்த 33 சதவீதமும் 100 பிஎஸ்ஐயில் அளந்த 33 சதவீதமும் ஒன்றல்ல. பின்னது எவ்வளவோ மேல், ஏனென்றால் அழுத்தம் ஏற ஏறச் சூடும் ஏறும். மேலே போட்ட கணக்கில் உங்கள் டயர்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று வந்ததோ அதைவிடக் கூடுதல் நேரம் தொடர்ந்து ஓடக்கூடிய கம்ப்ரசரை எடுங்கள். கூட வரும் நண்பரின் வண்டிக்கும் நீங்கள்தான் காற்று பிடிக்க வேண்டி வரும், அது எப்போதும் நடப்பது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூடு எல்லை தாண்டினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத கம்ப்ரசர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

29, 30 அங்குல டயர், வருடத்துக்கு நாலைந்து பயணம் என்று இருப்பவர்களுக்கு பேட்டரியில் கவ்விப் பிடிக்கும் நல்ல கைக் கம்ப்ரசரே போதும். அவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு கீழே ஹோஸ் பகுதியை மட்டும் படிக்கலாம். 31லிருந்து 33 அங்குலம் வரை ஒற்றை மோட்டார். 35க்கு மேலே, அல்லது கூட்டமாகப் போகிறவர்களுக்கு இரட்டை. எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் என்று இன்னொரு வழி உண்டு, பழைய யார்க் வகை ஏசி கம்ப்ரசரை மாற்றிப் போடுவார்கள். காற்று தாராளமாகக் கொட்டும், ஆனால் அதன் எண்ணெய் காற்றோடு கலந்து வரும் என்பதால் எண்ணெய் பிரிப்பான் போட வேண்டும், பிராக்கெட்டையும் உங்கள் எஞ்சினுக்கென்றே செய்ய வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாத வேலை. எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத 12 வோல்ட் மின் கம்ப்ரசரை வைத்தே மேற்கொண்டு சொல்கிறேன்.

காற்றுத் தொட்டி வேண்டுமா?

டயர் நிரப்ப மட்டும் என்றால் வேண்டாம். 4 லிட்டர் தொட்டியில் 150 பிஎஸ்ஐ ஏற்றி வைத்து அதை 40 வரை பயன்படுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 30 லிட்டர் காற்று. ஒரு டயருக்கே 104 வேண்டும் என்று பார்த்தோம். தொட்டி காலியான பிறகு கம்ப்ரசர் தரும் வேகத்தில்தான் எல்லாம் நடக்கும், அப்புறம் அந்தத் தொட்டியையும் அதேதான் நிரப்ப வேண்டும். ரிம்மை விட்டுக் கழன்ற டயரை ஒரே மூச்சில் உட்கார வைக்கவும், காற்று ஹாரனுக்கும், நட் கழற்றும் துப்பாக்கியைச் சில நொடிகள் ஓட்டவும் தொட்டி உதவும். போட்டால் அடியில் தண்ணீர் வடிக்கும் குழாய் இருக்க வேண்டும், கம்ப்ரசரின் உச்ச அழுத்தத்துக்குச் சற்று மேலே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாத தொட்டியை வண்டியில் ஏற்றவே கூடாது.

எங்கே மாட்டுவது?

இதற்குத்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் தப்பில்லை.

பெரும்பாலானவர்கள் பானெட்டுக்கு அடியில், எஞ்சின் அறையில் மாட்டுகிறார்கள். பேட்டரி பக்கத்திலேயே இருப்பதால் ஒயர் நீளம் குறைவு, சத்தம் உள்ளே கேட்காது. ஆனால் அங்கே காற்றே சூடு. சூடான காற்றை உறிஞ்சிச் சூடான கம்ப்ரசர் ஓடும்போது, 100 சதவீதம் என்று எழுதியிருந்ததெல்லாம் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கேதான் இடம் இருக்கிறதென்றால் எஞ்சினிலிருந்து சூடான புகை வெளிவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம், அதுவும் முன்புறமாக, ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் வெளிக்காற்று படும் இடமாகப் பாருங்கள். எஞ்சின் தன் ரப்பர் மவுன்ட்களில் ஆடும் என்பதையும் மறக்கக் கூடாது. எஞ்சினோடு சேர்ந்த எந்தப் பாகத்துக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே குறைந்தது இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும். பானெட் இடிக்குமா என்று பார்க்க, கம்ப்ரசர் தலையின் மேல் பிசைந்த களிமண் உருண்டையை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதிலிருந்து மிச்ச இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இருக்கைக்கு அடியில் மாட்டினால் தூசியும் தண்ணீரும் அண்டாது. சத்தம் இருக்கும், ஆனால் ஓடுவது சில நிமிடம்தானே. அங்கே காற்றோட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கார்ப்பெட்டும் துணியும் கம்ப்ரசர் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து. பின்பக்கச் சாமான் அறையின் ஓரமும் நல்ல இடம்தான், பைகளும் போர்வைகளும் மேலே சரியாதபடி ஓட்டை போட்ட உலோக மூடி ஒன்று போட வேண்டும். ஒயர் நீளமாகும், ஆகவே தடிமனும் கூட வேண்டும்.

வண்டிக்கு அடியில், சேஸிஸ் ஓரத்தில் மாட்டுவதைப் புதியவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். சேறு, கல், தண்ணீர் எல்லாம் நேராக அங்கேதான் அடிக்கும். வேறு வழியே இல்லை என்றால் காற்று உறிஞ்சும் வடிகட்டியை மட்டும் தனிக் குழாய் போட்டு உயரமான, உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். எஞ்சின் அறையில் மாட்டியவர்களுக்கும் இது நல்ல யோசனை, வெளியிலிருந்து குளிர்ந்த சுத்தமான காற்றை எடுக்கலாம். தண்ணீர் உள்ளே போன கம்ப்ரசருக்கு ஆயுள் அதோடு சரி.

எந்த நிலையில் மாட்டலாம், நிமிர்த்தியா படுக்கவைத்தா என்பதை உங்கள் கம்ப்ரசரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய கை போகுமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

பொருத்தும் வேலை

பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிடுங்கள். அட்டையில் கம்ப்ரசரின் அடிப்பாகத்தை வரைந்து வெட்டி, நினைத்த இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டிக்கென்றே செய்த பிராக்கெட் கிடைத்தால் அதையே வாங்கிவிடலாம், வேலை பாதியாகிவிடும். கிடைக்காவிட்டால் 3 மில்லிமீட்டர் தகட்டில் ஒன்று செய்துகொள்ளுங்கள். அதைவிட மெல்லிய தகடு குலுங்கிக் குலுங்கி மடிப்பில் விரிசல் விடும். கம்ப்ரசரும் பிராக்கெட்டும் சேர்ந்து நாலைந்து கிலோவுக்கு மேல் வரலாம், கற்பாதையில் அந்த எடை மணிக்கணக்கில் உதறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பாடியின் மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ முறுக்கி மாட்டுவது வேண்டவே வேண்டாம். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் வலுவான போல்ட்களைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஓட்டை போட்டு மறுபக்கம் பெரிய வாஷர் வைத்து, அதிர்வில் தளராத நைலாக் நட்டால் இறுக்குங்கள். ஓட்டை போடுவதற்கு முன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பிரேக் பைப், டீசல் பைப், ஒயர் கட்டு எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டையின் ஓரத்தை அரத்தால் தேய்த்துத் துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்துவிடுங்கள். கம்ப்ரசரோடு வரும் ரப்பர் புஷ்களைத் தவிர்க்காதீர்கள். அவை அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான், நட்டை முறுக்கி அவற்றைச் சப்பையாக்கிவிட்டால் போட்டும் போடாததுதான்.

மாட்டி முடித்ததும் கையால் பிடித்து நன்றாக உலுக்குங்கள். வண்டியே ஆட வேண்டும், கம்ப்ரசர் தனியாக ஆடக் கூடாது.

ஒயரிங்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது என்பார்களே, அது பெரும்பாலும் நடப்பது இங்கேதான். நல்ல கம்ப்ரசரை வாங்கிவிட்டு, கையில் கிடைத்த மெல்லிய ஒயரை இழுத்துவிடுவார்கள். ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் சுமை ஏறும்போது 30 ஆம்பியர் வரை இழுக்கும், இரட்டை 60ஐத் தொடும். லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10லிருந்து 20 ஆம்பியர்தான் தாங்கும் என்பதால் அந்தப் பக்கமே போக முடியாது, பேட்டரியிலிருந்து நேராக எடுக்க வேண்டும்.

தடிமனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பேட்டரியிலிருந்து கம்ப்ரசர் 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 6 மீட்டர் ஒயர். 30 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் வழியிலேயே 1.2 வோல்ட் தொலைந்துவிடும். அதாவது 12இல் பத்தில் ஒரு பங்கு. மோட்டார் மெதுவாக ஓடும், ஒயர் சூடாகும், டயர் நிரம்ப நேரமாகும், நேரமானால் கம்ப்ரசரும் சூடாகும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட், 10 போட்டால் 0.3. ஒற்றைக்குக் குறைந்தது 6, முடிந்தால் 10 போடுங்கள். இரட்டைக்கு இதே தூரத்தில் 16 போட வேண்டும். ஒயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், சில இடங்களில் வண்டி ஒயரை 6 மில்லிமீட்டர் என்று சொல்லும்போது மேலுறையோடு சேர்த்த மொத்த விட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அதற்குள் இருக்கும் செம்பின் குறுக்களவு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இருக்கும். செம்பின் சதுர மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எர்த் ஒயரும் அதே தடிமன் வேண்டும், அதையும் பேட்டரி வரை கொண்டுபோவதே நல்லது.

ஃபியூஸை பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் எங்காவது உரசி மேலுறை கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அது பற்றி எரியும். ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அளவு கையேட்டில் இருக்கும், ஒற்றைக்குப் பெரும்பாலும் 40 ஆம்பியர்.

சுவிட்ச் வழியாக நேரடியாக 30 ஆம்பியரை விடாதீர்கள், உருகிவிடும். நடுவில் ரிலே வேண்டும், சுவிட்சிலிருந்து வரும் சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது அது. சாதாரண நாலு கால் ரிலேயில் 30 என்று எழுதிய காலுக்கு ஃபியூஸிலிருந்து வரும் தடித்த ஒயர், 87க்கு கம்ப்ரசருக்குப் போகும் தடித்த ஒயர், 86க்கு டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயர், 85க்கு எர்த். சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்திலிருந்து எடுங்கள். அப்போது கம்ப்ரசரை மறந்து ஓடவிட்டு இறங்கிப் போய்விட முடியாது. அழுத்தம் எல்லையைத் தொட்டதும் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ஒன்றும் வேண்டும், அதை இந்த மெல்லிய ஒயரின் வழியில், டாஷ்போர்டு சுவிட்சுக்கும் 86க்கும் நடுவில் போடுங்கள். இரட்டை மோட்டாருக்கு ஒரு 40 ஆம்பியர் ரிலே போதாது, மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு போட வேண்டும். கம்ப்ரசரோடு வரும் ஒயர் செட்டில் இதெல்லாம் தயாராகவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒயர் முனைகளில் லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) கிரிம்ப் கருவியால் நசுக்கி அழுத்தி, சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். கையால் முறுக்கி டேப் சுற்றும் வேலை குலுங்கும் வண்டிக்கு ஆகாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் நெளிகுழாய் உறை, ஒரு சாணுக்கு ஒரு கட்டு.

ஹோஸும் இணைப்புகளும்

கம்ப்ரசர் தலையிலிருந்து வெளிவரும் முதல் அரை மீட்டர்தான் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய துண்டு. காற்றை 100 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், வெப்பம் வெளியேறாத பட்சத்தில், அதன் வெப்பநிலை கணக்குப்படி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது, இருந்தாலும் சாதாரண பிளாஸ்டிக் குழாயை இளக வைக்க வருவதே போதும். ஆகவே முதல் துண்டு, மேலே எஃகுப் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸாக இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வண்டிக்குள் நிரந்தரமாகப் போகும் வழிக்கு லாரிகளின் ஏர் பிரேக்குக்குப் பயன்படும் நைலான் குழாய் நல்லது, மலிவும்கூட, ஆனால் அது 93 டிகிரி வரைதான் தாங்கும் என்பதால் கம்ப்ரசரிலேயே நேராகச் செருகக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் அண்டாமல், கூர்மையான ஓரத்தில் உரசாமல், குறுக்கே மடியாமல் கொண்டுபோங்கள்.

காற்று எடுக்கும் வாயை எங்கே வைப்பது? முன் பம்பரிலோ பின் பம்பரிலோ ஒன்று போதும். பானெட்டைத் திறந்து எடுப்பதில் கஷ்டமில்லை என்றால் கம்ப்ரசரிலேயே வைத்துவிடலாம், இணைப்புகள் குறைந்தால் கசிவும் குறையும். பம்பரில் வைத்தால் தூசி மூடி கட்டாயம்.

டயருக்குப் போகும் ஹோஸின் நீளத்தை ஊகிக்காதீர்கள். காற்று வாயிலிருந்து எதிர்மூலை டயர் வரை, வண்டியைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டுப் பார்த்து, அதோடு ஒரு மீட்டர் கூட்டுங்கள். முன்பக்கத்தில் வாய் இருக்கும் வண்டிக்கு 6லிருந்து 8 மீட்டர் வரும். ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும் ஹோஸ்கள் பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் எழுதியிருக்கும் நீளம் வரை இழுத்தால் அது திரும்ப இழுக்கும், டயர் வால்வின் மேல் பக்கவாட்டில் பாரம் விழும். அந்த வகையை வாங்கினால் தேவையைவிட ஒன்றரை மடங்கு நீளமாக வாங்குங்கள். பிவிசி ஹோஸ் குளிரில் விறைத்துக்கொள்ளும். ரப்பர் நன்றாக இருக்கும், எடை அதிகம். ரப்பரும் பாலிமரும் கலந்த ஹைபிரிட் ஹோஸ்தான் இப்போது நான் பயன்படுத்துவது, குளிரிலும் வளைகிறது, சுருட்டினால் சொன்னபடி கேட்கிறது.

உள்விட்டம் கால் அங்குலம் போதும். 12 வோல்ட் கம்ப்ரசர் தரும் காற்றுக்குப் பெரிய ஹோஸ் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஏனென்றால் வழியிலேயே மிகக் குறுகிய இடம் டயர் வால்வின் ஊசிதான். ஹோஸ் தாங்கும் அழுத்தம் மட்டும் கம்ப்ரசரின் உச்ச அழுத்தத்துக்கு மேலே தாராளமாக இருக்கட்டும், 150க்கு 300 என்றால் நிம்மதி.

மரைகளில் ஒரு பொறி இருக்கிறது. குழாய் மரைகளில் என்பிடி, பிஎஸ்பி என்று இரண்டு குடும்பம். கால் அங்குல என்பிடியில் அங்குலத்துக்கு 18 இழை, 60 டிகிரிக் கோணம். கால் அங்குல பிஎஸ்பியில் 19 இழை, 55 டிகிரி. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், இரண்டு மூன்று சுற்று உள்ளேயும் போகும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் கசியும், இன்னும் முறுக்கினால் அலுமினிய மரை நாசமாகும். கம்ப்ரசர் எந்தக் குடும்பமோ எல்லா இணைப்பையும் அதிலேயே வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், முதல் இழையை வெறுமனே விட்டுவிடுங்கள். அங்கே சுற்றினால் டேப் துணுக்கு உள்ளே போய் வால்வில் மாட்டிக்கொள்ளும். எஃகுப் பின்னல் ஹோஸின் முனையில் வரும் 37 டிகிரிக் கூம்பு இணைப்புக்கு டேப்பே கூடாது, அது உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைப்பது.

விரைவாக மாட்டிக் கழற்றும் கப்ளர்களிலும் பல வகை உண்டு, ஒன்றின் முனை இன்னொன்றில் உட்காராது. கூடப் பயணம் செய்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு அதையே எடுத்தால் ஹோஸ் வெடித்த நாளில் இன்னொருவரின் ஹோஸை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

டயர் முனைக்கு, கையை எடுத்தாலும் வால்வைக் கவ்விக்கொண்டே இருக்கும் பிடி நல்லது. கேஜ் உள்ள துப்பாக்கி வாங்கினால் விசையை அழுத்தியிருக்கும்போது அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது ஹோஸில் ஓடும் அழுத்தத்தையும் சேர்த்துக் கூடுதலாகக் காட்டும். விசையை விட்டுவிட்டு, முள் நின்ற பிறகு படியுங்கள். நாலு டயரையும் ஒரே நேரத்தில் இணைக்கும் ஹோஸ் செட்டும் கிடைக்கிறது. மொத்த நேரத்தைப் பெரிதாகக் குறைக்காது, காற்றின் அளவு அதேதானே, ஆனால் நாலிலும் ஒரே அழுத்தம் நிற்கும், குனிந்து நிமிர்ந்து ஓட வேண்டாம். எங்கள் வீட்டில் பெரியவர்களும் கூட வருவதால் எனக்கு அது பெரிய உதவியாக இருக்கிறது. அதைப் போட்டால் கம்ப்ரசர் நடுவில் ஓய்வே இல்லாமல் ஓடும் என்பதால் டியூட்டி சைக்கிள் குறைவான கம்ப்ரசரோடு சேர்க்க வேண்டாம்.

முதல் ஓட்டம்

பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் கம்ப்ரசரைப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அருகில் கிடைக்கும், மோட்டார் சுலபமாகச் சுற்றும், பேட்டரியும் தீராது. ஹோஸ் மூடியிருக்கும் நிலையில் பிரஷர் சுவிட்ச் தானாக நிறுத்துகிறதா என்று பாருங்கள். நிறுத்தவில்லை என்றால் உடனே அணைத்துவிட்டு ஒயரிங்கைச் சரிபாருங்கள். நின்றதும் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள், குமிழி வரும் இடம் கசிகிறது. பத்து நிமிடம் கழித்தும் கம்ப்ரசர் தானாக மறுபடி ஓடத் தொடங்கவில்லை என்றால் இணைப்புகள் நன்றாக இருக்கின்றன.

பிறகு வீட்டு வாசலிலேயே நான்கு டயரையும் 18க்கு இறக்கித் திரும்ப ஏற்றுங்கள். காட்டுக்குள் போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஓடும்போது ஒயரை, ஃபியூஸ் பிடியை, ரிலேயைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், தொட முடியாமல் சுட்டால் ஒயர் மெல்லியது அல்லது கிரிம்ப் சரியில்லை. கம்ப்ரசர் தலையை மட்டும் தொடவே தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும், குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். காற்று ஏறும்போது டயரின் பக்கச்சுவருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்காராமல் ஒதுங்கி நில்லுங்கள். ஹோஸைக் கழற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முனை சாட்டை மாதிரி அடிக்கும்.

காற்று நிரப்பிய உடனே ஓடையில் வண்டியை இறக்க வேண்டி வந்தால் கொஞ்சம் பொறுங்கள். சூடான கம்ப்ரசர் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும்.

முதல் கற்பாதைப் பயணம் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், ஒன்றிரண்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். வடிகட்டியைத் தூசி அதிகமான பயணத்துக்குப் பிறகெல்லாம் கழற்றித் தட்டுங்கள், நுரைப்பஞ்சு வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. பயணமே இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுங்கள், சும்மா கிடந்தால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். மாற்று ஃபியூஸ் இரண்டும், வால்வு ஊசி நாலும், கப்ளர் முனை ஒன்றும், டெஃப்லான் டேப்பும் ஒரு சின்னப் பையில் போட்டு ஹோஸோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள்.